குடிக்கிற தண்ணியில எதுக்குங்க கரி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கல்யாண மண்டபம், விடுதி, மாங்கூழ் ஆலை என்று தண்ணீர் ஃபில்டர் போட்டுக்கொடுத்துப் பராமரிக்கிற வேலை எனக்கு. டேங்க் மூடியைக் கழற்றி, ஃபில்டருக்குள் போடுகிற ஆந்த்ரசைட் என்ற நிலக்கரி வகையின் மூட்டையைப் பிரித்ததும் எந்த ஊரிலும் அதே கேள்விதான் வரும்: “குடிக்கிற தண்ணியில எதுக்குங்க கரி?” கேட்பவர் முகத்தில் பாதி சந்தேகம், பாதி அருவருப்பு. நியாயமான கேள்விதான். பணம் கொடுத்து வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தக் கறுப்பு மூட்டை விஷயத்தில் ஏமாறுவது ரொம்பச் சுலபம்.

முதலில், டேங்கில் வெறும் மணல் மட்டும் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். ஃபில்டரைக் கழுவ அடியிலிருந்து மேலே தண்ணீரைத் தள்ளுவோம், அதைத்தான் பேக்வாஷ் என்கிறோம். தள்ளி நிறுத்தியதும் மணல் மறுபடி படியும். பெரிய மணி கனம், முதலில் இறங்கிவிடும். பொடி மணல் கடைசியாக வந்து மேலே உட்காரும். ஆக, சேற்றுத் தண்ணீர் டேங்குக்குள் வந்ததும் முதலில் முட்டுவது அந்த நெருக்கமான பொடி அடுக்கில். சேறு முழுக்க அங்கேயே நின்று, பாலில் ஆடை கட்டுகிற மாதிரி கட்டிக்கொள்ளும். கீழே இரண்டடி மணல் வேலையில்லாமல் சும்மா கிடக்கும். காலையில் பேக்வாஷ் செய்தால் மத்தியானமே பிரஷர் கேஜ் ஏறிவிடும்.

மேலே பெரிய மணி, கீழே சின்ன மணி என்று அடுக்கு இருந்தால் சேறு ஆழம் வரைக்கும் பரவி நிற்கும். ஆனால் பேக்வாஷ் செய்த பிறகும் அந்த வரிசை கலையாமல் இருக்க, மேலே இருக்கும் பெரிய மணி மணலைவிட எடை குறைந்த பொருளாக இருக்க வேண்டும். தண்ணீரில் மிதந்து ஓடுகிற அளவுக்கு லேசாகவும் இருக்கக் கூடாது. உரசி உரசிப் பொடியாகக் கூடாது, தண்ணீரில் எதுவும் கரையவும் கூடாது. இத்தனைக்கும் பொருந்துவதுதான் ஆந்த்ரசைட். மணலின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு. ஆந்த்ரசைட் 1.4 முதல் 1.7 மடங்கு வரைதான். அதனால் ஒரு மில்லிமீட்டர் ஆந்த்ரசைட் மணி, அரை மில்லிமீட்டர் மணலைவிட மெதுவாக இறங்கி, ஒவ்வொரு முறையும் தானாகவே மேலே வந்து உட்காரும். எரிகிற குணத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே அது ஒரு லேசான, கெட்டியான கல், அவ்வளவுதான்.

கல் என்று சும்மா சொல்லவில்லை. மட்கிய தாவரம் பீட் ஆகி, பிறகு லிக்னைட், அப்புறம் பிட்டுமினஸ், கடைசியில் ஆந்த்ரசைட் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பூமிக்கடியில் சூடும் அழுத்தமும் கூடக் கூட ஈரமும் வாயுவும் வெளியேறி, கார்பன் மட்டும் செறிந்து நிற்கும். நெய்வேலியில் வெட்டுவது லிக்னைட். கையில் பிசைந்தால் பொடியும், ஈரம் அதிகம். அனல் மின் நிலையத்துக்குப் போவது பெரும்பாலும் பிட்டுமினஸ். ஆந்த்ரசைட்டில் எரிந்துபோகும் வாயு கழிந்து, 86 சதவீதத்துக்கு மேல் கார்பனாகவே இருக்கும். உடைத்தால் கண்ணாடிச் சில்லு போல வளைந்து உடையும், பளபளக்கும். இந்தியாவில் இது ரொம்ப அரிது, ஜம்மு பக்கம் ரியாசி பகுதியில் கொஞ்சம் உண்டு.

நம்ம மாவட்டத்தில் கிடைக்காதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயி, போர் போடும்போது வந்த கறுப்புச் சில்லுகளைத் துணியில் முடிந்துகொண்டு வந்து, “இது உங்க மூட்டையில இருக்கிற சரக்குதானே?” என்று கேட்டார். பளபளப்பு இருந்தது உண்மைதான். உள்ளங்கையில் வைத்ததுமே கனம் காட்டிக்கொடுத்துவிட்டது. அது டோலரைட், கிரானைட் குவாரிக்காரர்கள் கறுப்புக் கல் என்று அறுத்து விற்கிற வகை. நம்ம தரைக்கு அடியில் இருக்கிற பாறைகள் பெரும்பாலும் சுமார் 250 கோடி வருடம் பழையவை. நிலக்கரி உண்டாவதற்குத் தேவையான மரமும் செடியும் தரையில் தோன்றியதே அதற்கு எவ்வளவோ காலம் கழித்து. அதனால் இந்தப் பாறைக்குள் நிலக்கரி தேடி யாரும் செலவு செய்ய வேண்டாம்.

சரி, வாங்குகிற கதைக்கு வருவோம். ஓசூரில் போய் ஆந்த்ரசைட் வேண்டும் என்று கேட்டால் ஜன்னல் கடைக்காரர் கலர் கார்டை எடுத்து நீட்டுவார். ஆர்ஏஎல் 7016, ஆந்த்ரசைட் கிரே. இப்போது புது வீடுகளின் அலுமினிய ஜன்னலில் பாதி அந்த நிறம்தான். வார்ப்பாலைக்காரரிடம் கேட்டால் அவர் வேறொரு சரக்கைச் சொல்வார், உருகிய இரும்பில் கார்பன் அளவை ஏற்றுவதற்கு உயர்ந்த சூட்டில் வறுத்த ஆந்த்ரசைட்டைப் போடுவது உண்டு. அந்த மூட்டை ஃபில்டருக்கு ஆகாது, மணி அளவு கன்னாபின்னாவென்று இருக்கும். ஃபில்டருக்குள் நிரப்புகிற சரக்கைத்தான் மீடியா என்போம். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே ஃபில்டர் மீடியா ஆந்த்ரசைட் என்று முழுதாகச் சொல்லி, மணி அளவையும் சொல்லிவிடுங்கள். மணல் 0.5 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் ஆந்த்ரசைட் 0.9 முதல் 1.1 வரை சரியாக இருக்கும். எல்லா மணியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது முக்கியம். பொடியும் பெரிசும் கலந்து வந்தால் பொடி மேலே போய் அடைத்துக்கொள்ளும், வெறும் மணல் டேங்கில் வருகிற அதே தொல்லை திரும்ப வரும்.

மூட்டை வந்ததும் நான் செய்வது இதுதான். நடுமூட்டையிலிருந்து ஒரு கை அள்ளுவேன். மேல்மூட்டையில் நல்ல சரக்கை வைத்துக் கட்டுகிற வழக்கம் எல்லா வியாபாரத்திலும் உண்டு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் ஆந்த்ரசைட் லேசாகத்தான் ஒட்டும், கழுவினால் போய்விடும். சாதாரண நிலக்கரியை நொறுக்கிச் சலித்து அனுப்பியிருந்தால் கை முழுக்கக் கருப்பாகும், நகத்துக்கடியில் நிற்கும். அடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் போட வேண்டும். ஆந்த்ரசைட் விறுவிறுவென்று அடியில் போய் உட்காரும், கொஞ்சம் தூசு மட்டும் மேலே நிற்கும். மணிகளே மிதந்தால் அது மரக்கரி. மூன்றாவது, தகரத்தில் நாலு மணி வைத்து பிளம்பரின் புளோலேம்ப்பைக் காட்டுங்கள். மஞ்சள் புகை வந்து தார் வாடை அடித்தால் பிட்டுமினஸ். ஆந்த்ரசைட் சும்மா சிவந்து நிற்கும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். ஒரு முறை இப்படி நாலு மணியை வைத்ததும் அறை முழுக்க ரயில் வண்டி வாடை அடித்தது. அந்த லோடை அப்படியே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினோம். விற்றவர், “எல்லாம் நிலக்கரிதானே சார்” என்றார்.

எடைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு கன மீட்டர் மணல் 1,500 கிலோவுக்கு மேல் வரும், அதே கன மீட்டர் ஆந்த்ரசைட் 800 கிலோ சுற்றித்தான். அதனால் கிலோ விலையை மணலோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், டேங்கில் எவ்வளவு உயரம் நிரப்புகிறது என்பதுதான் கணக்கு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கில் 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆந்த்ரசைட் வேண்டுமென்றால், பரப்பு 0.283 சதுர மீட்டர், கொள்ளளவு 0.127 கன மீட்டர், எடை 102 கிலோ வருகிறது. 25 கிலோ மூட்டை நாலு போட்டு, கழுவும்போது போகிற பொடிக்கு ஒரு மூட்டை கூடுதலாக வாங்கலாம். இதே டேங்குக்கு எட்டு மூட்டை எழுதிக்கொடுத்த கொட்டேஷனையும் பார்த்திருக்கிறேன்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. அடியில் தண்ணீர் வெளியேறுகிற துளைக் குமிழ், அதாவது நாசில், உடையாமல் இருக்க டேங்கில் முதலில் பாதி தண்ணீர் விட்டு, அதன்மேல் கூழாங்கல்லை மெதுவாக இறக்க வேண்டும். அப்புறம் மணல். மணலை மட்டும் தனியாகப் பேக்வாஷ் செய்து, மேலே ஒதுங்கிய பொடி மணலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஆந்த்ரசைட்டைப் போட வேண்டும். இந்தச் சுரண்டலைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு இரண்டும் கலந்துபோச்சு என்று போன் செய்வார்கள். ஆந்த்ரசைட் போட்டதும் டேங்கை நிரப்பி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மணிகளுக்கு இடையில் காற்று பிடித்திருக்கும். ஊறாமல் பேக்வாஷ் திருப்பினால் காற்றோடு மணியும் சேர்ந்து டிரெயினில் போய்விடும். மறுநாள் முதல் பேக்வாஷில் தார் ஓடுகிற மாதிரி தண்ணீர் வரும், வீட்டுக்காரர் பதறுவார். தெளிகிற வரை விட்டுவிட வேண்டியதுதான். பிறகும் மேலே மிதக்கிற பளபளத் தூசை முறத்தால் வழித்து எடுத்துவிடலாம்.

பேக்வாஷ் வேகம்தான் பலருக்கும் பிடிபடாத இடம். ஒரு மில்லிமீட்டர் ஆந்த்ரசைட் நன்றாக விரிந்து கழுவப்பட, தண்ணீர் மணிக்கு 35 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் மேலேற வேண்டும். மேலே சொன்ன 60 சென்டிமீட்டர் டேங்குக்கு இது மணிக்கு 10,000 லிட்டர். ஃபில்டர் வழியாகத் தள்ளுகிற சின்ன மோட்டாரையே பேக்வாஷுக்கும் வைத்தால் பல இடத்தில் பத்தாது. டிரெயின் குழாய்க்கு அடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்துப் பாருங்கள், ஏழு விநாடியில் நிறைந்தால் சரி, பதினைந்து விநாடி ஆனால் அது கழுவலே இல்லை. இன்னொன்று, சூடான தண்ணீருக்கு மணியைத் தூக்குகிற பிடிமானம் குறைவு. மார்கழியில் போதுமாக இருந்த வேகம், சித்திரையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறபோது போதாது. வால்வை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். ரொம்பத் திறந்தால் மீடியா ஓடிவிடுமே என்ற பயம் இருந்தால், டிரெயின் வாயில் வெள்ளை வேட்டித் துண்டைக் கட்டிப் பாருங்கள். தூசு படிந்தால் பரவாயில்லை. மணி மணியாக நின்றால் வால்வைக் குறையுங்கள். மீடியாவுக்கு மேலே அதன் உயரத்தில் பாதியாவது டேங்கில் காலி இடம் இருக்க வேண்டும் என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பேக்வாஷ் செய்வது? உள்ளே வருகிற கேஜுக்கும் வெளியே போகிற கேஜுக்கும் வித்தியாசம் சுத்தமாக இருந்தபோது எவ்வளவு என்று டேங்கிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். அதற்கு மேல் பிரஷர் அரைக் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) ஏறினால் செய்துவிடுங்கள். ஒரு கேஜ் மட்டும் வைத்துக்கொண்டு குத்துமதிப்பாக ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

மழைக்காலத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏரித் தண்ணீரோ தென்பெண்ணைத் தண்ணீரோ செம்மண் கலந்து வரும்போது, அந்த நுண்ணிய களிமண் ஆந்த்ரசைட்டையும் தாண்டும், மணலையும் தாண்டும். டேங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னாலேயே படிகாரம் போட்டுக் களிமண்ணைத் திரள வைத்தால்தான் ஃபில்டரில் நிற்கும். எவ்வளவு படிகாரம் என்பதற்கு, நாலைந்து பாட்டிலில் அதே தண்ணீரைப் பிடித்து வெவ்வேறு அளவு கரைசல் விட்டு, கொஞ்ச நேரம் கலக்கி வைத்து, எது முதலில் தெளிகிறது என்று பார்த்தாலே போதும். மாங்கூழ் சீசன் முடிகிற சமயத்தில் ஆலைகளில் இதுதான் என் முக்கால்வாசி வேலை.

நன்றாகப் பேக்வாஷ் செய்யப்படுகிற ஆந்த்ரசைட் பல வருடம் தாங்கும். ஓடிப்போன அளவுக்கு மேலே நிரப்பினால் போதும். வருஷா வருஷம் முழுக்க மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் ஆக்டிவேட்டட் கார்பனையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார், அல்லது உங்களை அப்படி நினைக்க வைக்கிறார். ஆக்டிவேட்டட் கார்பன் பெரும்பாலும் கொட்டாங்குச்சியைச் சுட்டு, நீராவி பாய்ச்சி உள்ளே கோடிக்கணக்கான துளை உண்டாக்கிய சரக்கு. குளோரினையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும், பிடித்துப் பிடித்துத் தீர்ந்தும் போகும். ஆந்த்ரசைட்டில் அந்தத் துளைகள் கிடையாது. தண்ணீர் நாறினால் அது ஒன்றும் செய்யாது.

பாலக்கோட்டில் ஒரு விடுதியில் பழைய மீடியாவை அள்ளி வெளியே குவித்திருந்தோம். எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற அண்ணன் வந்து, “தம்பி, குப்பையில கொட்டாதீங்க, எனக்குக் கொடுங்க” என்று ஒரு சாக்கு நிறைய வாங்கிக்கொண்டு போனார். வேண்டாம் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் போனால் சாக்கு அப்படியே வண்டிக்கு அடியில் கிடந்தது. “என்னாங்க கரி இது? பத்தவும் மாட்டேங்குது, பத்தின கரியையும் அணைச்சிருச்சு!” கணகணவென்று இருந்த கொட்டாங்குச்சிக் கரி மேல் இரண்டு கை போட்டிருக்கிறார். பொடி மணி இடுக்கெல்லாம் அடைத்து, அடியிலிருந்து காற்று ஏறாமல் நெருப்பே அவிந்துவிட்டது. ஆந்த்ரசைட்டில் எளிதில் பற்றுகிற வாயு இல்லாததால் துண்டு துண்டாகக் கிடைத்தாலும் அது சீக்கிரம் பிடிக்காது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி ஊரில் ஆந்த்ரசைட் காலுக்கடியிலேயே கிடந்தும், ஊதுகிற காற்று இல்லாமல் வீட்டு அடுப்பில் எரிக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1808ல் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித் தட்டு செய்து, கரிக்கு அடியில் காற்று தானாக ஏறும்படி வைத்து எரித்துக் காட்டிய பிறகுதான் அது வீட்டு அடுப்புக்குப் போனது. ஒருமுறை பிடித்துவிட்டால் புகையே இல்லாமல் வெகுநேரம் நின்று எரியும்.

அந்தப் புகையில்லாத குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் சட்டியில் கரி நெருப்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புகைதான் விஷம், கண் எரிந்தால்தான் ஆபத்து என்று ஒரு நினைப்பு. மரக்கரியோ ஆந்த்ரசைட்டோ எதுவானாலும் மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, கிறக்கம், அப்புறம் தூக்கம், அத்தோடு சரி. கரி நெருப்பைத் திண்ணையிலேயே வைத்துக் காய்ந்துவிட்டு, உள்ளே கொண்டுபோகாமல் படுங்கள்.

கடைசியாக ஃபுளோரைடு. இந்த மாவட்டத்தில் தண்ணீர் வேலை பார்க்கிற யாரும் இதைப் பேசாமல் முடிக்க முடியாது. பாறையிலிருந்து கரைந்து போர் தண்ணீரில் வருகிற ஃபுளோரைடால் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் எங்கும் பார்க்கலாம். கூடுதலாக நெடுநாள் குடித்தால் எலும்பு மூட்டும் விறைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள். ஜப்பானின் ஜைக்கா கடனுதவியில் கட்டி 2013ல் ஓட ஆரம்பித்தது. காவிரித் தண்ணீர் வருகிற வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் குளிக்கத் துவைக்க விட்டுவிடலாம். பிரச்சினை, குழாய் வராத நாளில் போர் தண்ணீரையே ஃபில்டர் வழியாக விட்டுக் குடிப்பவர்களுக்குத்தான்.

அவர்களிடம் போய், எங்க கறுப்பு மீடியா ஃபுளோரைடை உறிஞ்சிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். உறிஞ்சாது. சேறு என்பது தண்ணீரில் மிதக்கிற துகள், அதை மணியால் நிறுத்தலாம். ஃபுளோரைடு உப்பைப் போல முழுக்கக் கரைந்திருப்பது, ஆந்த்ரசைட்டும் மணலும் கொட்டாங்குச்சிக் கார்பனும் அதைக் கண்டுகொள்ளாது. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தப்பு, தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ குறைக்கும். ஆக்டிவேட்டட் அலுமினா குறைக்கும், ஆனால் அதை அவ்வப்போது ரசாயனம் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் கணக்காகப் போட்டுத் தெளிய வைக்கிற நல்கொண்டா முறை உண்டு, நாக்பூரில் இருக்கும் நீரி நிறுவனம் உருவாக்கியது. இவற்றில் எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். போர் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். தேதி, போரின் ஆழம், ஃபில்டருக்கு முன்னால் பிடித்ததா பின்னால் பிடித்ததா என்பதை எழுதி ஒட்டுங்கள். முன்னும் பின்னும் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டால், கறுப்பு மீடியா விற்றவரிடம் பேச உங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.